கக்குவான் இருமல்: ஊசி போடாத குழந்தைகளையும் எண்ணிய இருவர்

(இது ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணி. லேப்டாப்பை மூடிட்டுப் படுக்கப் போறேன், அக்கா கிட்டருந்து போன். "டேய், பாப்பாவுக்கு 101 ஜுரம்டா. சாயங்காலத்துல இருந்து விடாம அழுவுறா. தொடை வேற வீங்கியிருக்கு."

அன்னைக்குக் காலையிலதான் 45 நாள் ஊசி போட்டிருந்தாங்க. நர்ஸம்மா, "ஜுரம் வரும், பயப்படாதீங்க, சொட்டு மருந்து கொடுங்க"ன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. ஆனா நடுராத்திரியில கைக்குழந்தை அலறும்போது அதெல்லாம் ஞாபகத்துல நிக்குமா? பின்னாடி அக்காவோட மாமியார் குரல் கேட்குது: "நல்லா இருந்த புள்ளைய எதுக்கு ஊசியப் போட்டு இப்படிப் பண்ணணும்? எங்க காலத்துல இவ்வளவு ஊசியா இருந்துச்சு?"

அக்கா என்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணுதான். "நீதான் எல்லாத்தையும் படிப்பியே. இந்த ஊசி நிஜமாவே வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒண்ணும் வரலை. "டாக்டருங்க சொல்றாங்கள்ல"ன்னு மழுப்பினேன். விடியறதுக்குள்ள ஜுரம் இறங்கிடுச்சு, பாப்பா சிரிச்சிட்டா. கேள்வி மட்டும் என்கிட்டயே நின்னுடுச்சு. அதுக்குப் பதில் தேடிப் போனப்போ கிடைச்ச கதைதான் இந்த எபிசோட்.

நூறு நாள் இருமல்

45 நாள் ஊசி என்பது பென்டாவேலன்ட். ஒரே ஊசியில் ஐந்து நோய்களுக்கு எதிரான மருந்து: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி, ஹிப் எனப்படும் பாக்டீரியா. இந்தியாவில் அரசுத் திட்டத்தில் இதை முதலில் கொண்டு வந்தவை தமிழ்நாடும் கேரளாவும்தான், 2011 டிசம்பரில். குழந்தைக்கு ஜுரத்தையும் தொடை வீக்கத்தையும் கொடுப்பதில் பெரிய பங்கு அந்த ஐந்தில் கக்குவான் மருந்துக்கு உண்டு. அதனால் அதன் கதையை மட்டும் எடுத்துக்கிறேன்.

கக்குவான்னா என்னன்னு நம்ம வயசுக்காரங்க நிறைய பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஏதோ சளி இருமல்ன்னு நினைச்சிருந்தேன்.

முதல் ஒன்றிரண்டு வாரம் அது சாதாரணச் சளி மாதிரிதான் இருக்கும். மூக்கு ஒழுகும், லேசாக இருமும். அதிகமாகப் பரவுவதும் அப்போதுதான். அதற்குப் பிறகுதான் நிஜமான நோய் தொடங்கும். குழந்தை மூச்சே எடுக்க முடியாமல் பத்து, பதினைந்து முறை தொடர்ந்து இருமும். முகம் சிவந்து, பிறகு நீலம் பாயும். கடைசியில் காற்றை உள்ளே இழுக்கும்போது 'ஊப்' என்று ஒரு சத்தம் வரும். இருமி முடித்ததும் வாந்தி. ஆங்கிலத்தில் இதற்கு 'ஊப்பிங் காஃப்' என்று பெயர் வந்தது அந்தச் சத்தத்தால்தான். ஜப்பானிய மொழியிலும் சீன மொழியிலும் இதன் பெயருக்கு 'நூறு நாள் இருமல்' என்று பொருள். சில மாதக் குழந்தைகளுக்கு அந்தச் சத்தம்கூட வராது. மூச்சு நின்றுபோகும், அவ்வளவுதான்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் மெல்லிய இழைகள் துடைப்பம் மாதிரி அசைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கக்குவான் பாக்டீரியா அந்த இழைகளில் போய் ஒட்டிக்கொண்டு, நச்சைச் சுரந்து அவற்றைச் சாகடிக்கிறது. துடைப்பம் போய்விட்டால் சளியை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கிற ஒரே வழி இருமல்தான்.

1920களின் கடைசியில் அமெரிக்காவில் இது ஆண்டுக்கு 6,000 பேர் வரை கொன்றுகொண்டிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள்.

மருந்து இருந்தது, ஆதாரம் இல்லை

1906இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜூல் போர்டேயும் ஆக்தாவ் ஜாங்குவும் இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். அது சாதாரண ஊடகத்தில் வளராது. உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், ரத்தம் மூன்றும் கலந்த ஒரு கலவையை அதற்காகவே உருவாக்கினார்கள்.

கிருமி கையில் கிடைத்ததும் ஆளாளுக்குத் தடுப்பூசி செய்ய ஆரம்பித்தார்கள். கிருமியை வளர்த்து, கொன்று, குப்பியில் அடைத்து விற்பது. கிருமி எந்த நிலையில் இருக்க வேண்டும், எத்தனை கோடி இருக்க வேண்டும், எதுவும் ஒரே மாதிரி கிடையாது. 1931இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு ஒன்று, சந்தையில் இருக்கிற இந்த ஊசிகளால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கைவிரித்துவிட்டது.

இங்க ஒரு நிமிஷம் என் வேலைக்கு வரேன். முன்னாடி நான் இருந்த ஒரு கம்பெனியில ஆப்ல ஒரு புது ஃபீச்சர் விட்டோம். அடுத்த வாரம் ஆர்டர் எல்லாம் எகிறுது. கேக் வெட்டி, போட்டோ எடுத்து, லிங்க்டுஇன்ல போட்டாச்சு. அப்புறம்தான் ஒரு ஜூனியர் பொண்ணு மெதுவா கேட்டா: "சார், அது தீபாவளி வாரம் இல்லையா?" அந்த ஃபீச்சர் போகாத யூசர்கள் கணக்கை எடுத்துப் பார்த்தோம். அங்கயும் அதே அளவு ஏற்றம். எங்க ஃபீச்சர் ஒண்ணுமே செய்யலை.

அந்தப் பொண்ணு கேட்டது, 'எதோட ஒப்பிட்டு?' என்ற கேள்விதான். 1931இல் கக்குவான் ஊசி விஷயத்தில் அந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் இல்லை. ஊசி போட்ட குழந்தைக்கு நோய் வரவில்லை என்றால் அது ஊசியாலா, அந்தக் குழந்தை நோயாளி பக்கமே போகாததாலா?

மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்

இப்போ மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிற கிராண்ட் ராபிட்ஸ் ஊருக்குப் போவோம். மேசை, நாற்காலி செய்கிற தொழிலுக்குப் பேர்போன ஊர். 1929இல் பொருளாதாரம் சரிந்ததும் ஊரில் பெருவாரியான பேருக்கு வேலை போனது.

அங்கே மாநிலச் சுகாதாரத் துறைக்கு ஒரு கிளை ஆய்வகம் இருந்தது. தலைமை, பேர்ல் கெண்ட்ரிக். 1890இல் பிறந்தவர். 1932இல், 42 வயதில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பியிருந்தார். கூட வேலை பார்த்தவர் கிரேஸ் எல்டரிங், பத்து வயது இளையவர், மொன்டானா மாநிலத்துக்காரர். இருவருக்குமே சின்ன வயதில் கக்குவான் வந்திருக்கிறது: கெண்ட்ரிக்குக்கு மூன்று வயதில், எல்டரிங்குக்கு ஐந்து வயதில்.

ஆய்வகத்தின் வழக்கமான வேலை பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. தண்ணீர், பால் பரிசோதனை, தொற்றுநோய்களுக்கான பரிசோதனை, இப்படித் தினசரி வேலைகள். கக்குவான் வேலையை அது முடிந்த பிறகுதான் செய்ய முடிந்தது. நம்ம பாஷையில சொன்னா சைடு ப்ராஜெக்ட்.

1932இல் ஊரில் கக்குவான் பரவியது. சாயங்காலம் வேலை முடிந்ததும் இருவரும் நோய் வந்த வீடுகளுக்கு நேரில் போவார்கள். கையில் போர்டே-ஜாங்கு கலவை நிரப்பிய கண்ணாடித் தட்டுகள். குழந்தை இருமும்போது அதன் வாய்க்கு முன்னால் தட்டைப் பிடிக்க வேண்டும். தெறிக்கிற துளிகளில் கிருமி இருந்தால் சில நாளில் தட்டில் முத்து முத்தாக வளரும். 'இருமல் தட்டு' என்கிற இந்த முறை டென்மார்க்கில் ஏற்கனவே பழக்கத்தில் இருந்ததுதான். அந்த 1932 நவம்பரில் அவர்களுக்கு முதல் கிருமி கிடைத்தது.

எல்டரிங் பிற்காலத்தில் அந்த நாட்களை நினைவுகூர்ந்திருக்கிறார். பல வீடுகளில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்தான் மாதிரி எடுப்பார்களாம். ஒரு பக்கம் மூச்சுத் திணறி வாந்தி எடுக்கிற குழந்தை, இன்னொரு பக்கம் வேலை கிடைக்காத அப்பா தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். நோயையும் பஞ்ச காலத்தையும் ஒரே சமயத்தில் கற்றுக்கொண்டதாக அவர் சொல்கிறார்.

இந்தத் தட்டுகளால் உடனடியாக ஒரு பலன் கிடைத்தது. ஒரு குழந்தை எத்தனை நாள் நோயைப் பரப்பும் என்று அதுவரை எல்லாரும் உத்தேசமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாரா வாரம் தட்டு வைத்துப் பார்த்ததில், மூன்று, நான்கு வாரம்கூடப் பல குழந்தைகளிடம் கிருமி இருந்தது, ஐந்தாவது வாரத்தில்தான் பெரும்பாலும் மறைந்தது. குழந்தையை எவ்வளவு நாள் தனியாக வைக்க வேண்டும் என்பதற்கு இப்போது ஒரு கணக்கு இருந்தது.

ஊசி போட்டவர்கள், போடாதவர்கள்

1933 ஜனவரியில் முதல் தடுப்பூசி தயார். வீரியம் குறையாத கிருமியை எடுத்து, வளர்த்து, மெர்தியோலேட் என்கிற ரசாயனத்தால் கொன்று, சுத்தமாக இருக்கிறதா என்று சோதித்தார்கள். முதலில் விலங்குகளுக்கு. பிறகு தங்கள் கையிலேயே போட்டுக்கொண்டார்கள்.

1934 மார்ச்சில் களச் சோதனை ஆரம்பம். ஊர் மருத்துவர்கள், நகரச் சுகாதாரத் துறை, வீடு வீடாகப் போகிற செவிலியர்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். பெற்றோர் தாங்களாகவே குழந்தைகளை ஊசி முகாமுக்குக் கொண்டு வந்தார்கள். அத்தனையும் வீடுகளில் வளர்கிற குழந்தைகள்.

இவர்களைப் போலவே வயதும் பகுதியும் பொருந்துகிற, ஊசி போடாத குழந்தைகளையும் பட்டியல் போட்டார்கள். ஊசி போட்டவர்கள் வீட்டுக்குப் போன மாதிரியே அந்த வீடுகளுக்கும் செவிலியர் போவார். குழந்தைக்கு இருமல் வந்ததா? கக்குவான் வந்த யாரோடாவது விளையாடியதா? இருமல் வந்தால் இரு பக்கமும் அதே தட்டு, அதே சோதனை. கன்ட்ரோல் குரூப், ஒப்பீட்டுக் குழு. இன்னைக்கு நாம ஏ/பி டெஸ்ட்ன்னு ரெண்டு க்ளிக்ல செய்யறதை அவங்க பனியில நடந்து, கதவைத் தட்டி, கார்டுல எழுதிச் செஞ்சிருக்காங்க.

முதல் கட்டக் கணக்கு: ஊசி போட்ட 712 பேரில் 4 பேருக்குக் கக்குவான், அதுவும் லேசாக. போடாத 880 பேரில் 45 பேருக்கு.

நானா இருந்தா அன்னைக்கே கேக் வெட்டியிருப்பேன். ஆனா கதை அங்க முடியலை.

நம்பாத விருந்தாளி

அதே காலத்தில் கிளீவ்லாந்தில் ஜேம்ஸ் டௌல் என்பவரும் கக்குவான் ஊசியைச் சோதித்தார். அவருடைய ஊசி வேறு. குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை என்பது அவர் முடிவு. ஒருவர் 'பலன் பிரமாதம்' என்கிறார், இன்னொருவர் 'ஒன்றும் இல்லை' என்கிறார். யாரை நம்புவது?

ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வேட் ஹாம்ப்டன் ஃப்ராஸ்ட், அமெரிக்காவில் கொள்ளைநோயியலுக்கு முதல் பேராசிரியராக இருந்தவர். கிராண்ட் ராபிட்ஸ் முடிவுகள் மேல் அவருக்குச் சந்தேகம். நேரில் வந்து பார்த்தார். கெண்ட்ரிக்கும் எல்டரிங்கும் தங்கள் கார்டுகளை எல்லாம் அவர் முன்னால் எடுத்து வைத்தார்கள்.

அவருடைய சந்தேகம் ஒப்பீட்டுக் குழுவைப் பற்றியது. இரண்டு கூட்டமும் நிஜமாகவே ஒரே மாதிரி ஆட்கள்தானா? யோசிச்சுப் பாருங்க. ஊசி முகாமுக்குக் குழந்தையைத் தூக்கிட்டு வர்ற அம்மா, வராத அம்மா, இவங்க ரெண்டு பேர் வீடும் ஒண்ணா? ஒருத்தர் வீட்டுல ரெண்டு பேர், இன்னொருத்தர் வீட்டுல எட்டுப் பேர் இருந்தா நோய் பரவுற வேகமே வேற. ஊசியே போடாம வெறும் தண்ணியைப் போட்டாக்கூட முதல் வீட்டுக் குழந்தைக்கு நோய் குறைவாத்தான் வரும்.

ஃப்ராஸ்ட் அவர்கள் வேலையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. குழுவை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், எண்களை எப்படி அலச வேண்டும் என்று வழி சொன்னார். அவர்களும் அப்படியே மாற்றிச் சோதனையைத் தொடர்ந்தார்கள். கோட் ரிவ்யூல நூறு கமென்ட் வந்தா நமக்கு எப்படி இருக்கும்? இவங்க அந்த ரிவ்யூவரை வரவேற்று உட்கார வெச்சிருக்காங்க.

காசு இன்னொரு பிரச்சினை. 1936இல் கெண்ட்ரிக் அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டை ஆய்வகத்துக்கு அழைத்தார். அவரும் வந்தார், சுற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகு, வேலையில்லாதவர்களுக்கு அரசே வேலை கொடுத்த திட்டத்தின் மூலம் ஆய்வகத்துக்குக் கூடுதல் ஆட்கள் கிடைத்தார்கள்.

1939இல் முழு அறிக்கை வந்தது. ஊசி போட்டவர்கள் 1,815 பேர், அவர்களில் கக்குவான் வந்தது 52 பேருக்கு. போடாதவர்கள் 2,397 பேர், அவர்களில் 348 பேருக்கு. ஒரு குழந்தையை ஆறு மாதம் பார்த்திருப்பார்கள், இன்னொன்றை மூன்று ஆண்டு. அதனால் கண்காணித்த காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். நூறு குழந்தைகளை ஓர் ஆண்டு கவனித்தால் ஊசி போட்டவர்களில் 2.3 பேருக்கு நோய், போடாதவர்களில் 15.1 பேருக்கு.

அந்த 348 பேர்

இந்த எண்ணைப் படிச்சதும் நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

348 குழந்தைகள். ஒவ்வொன்றும் மூச்சுத் திணறி இருமியிருக்கும், ஒவ்வொரு வீட்டிலும் ராத்தூக்கம் போயிருக்கும். செவிலியர் வந்து குறித்துக்கொண்டு போயிருப்பார். என் அக்காவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அவர்களுடைய இருமலில்தான் இருக்கிறது. இது நியாயமா? 1934இல் அந்த ஊசி வேலை செய்யும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கிளீவ்லாந்து ஊசி வேலை செய்யவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேறு வழியும் இருக்கவில்லை. இந்த வாதம் எனக்குப் புரியுது. ஆனாலும் அந்த 348 வீடுகளையும் வெறும் எண்ணாகக் கடந்து போக மனசு வரலை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஊசி போடாதவர்களுக்கு வந்த அதே விகிதத்தில் ஊசி போட்ட 1,815 பேருக்கும் நோய் வந்திருந்தால் சுமார் 260 பேருக்கு வந்திருக்க வேண்டும். வந்தது 52. அப்படியென்றால் 200க்கும் அதிகமான குழந்தைகள் தப்பித்திருக்கிறார்கள். அது எந்த 200 பேர்? யாராலும் சொல்ல முடியாது. அவர்களுக்கே தெரியாது. அவர்கள் பெற்றோருக்கு ஞாபகம் இருந்தது ஊசி போட்ட ராத்திரியின் ஜுரம் மட்டும்தான். தப்பித்தது என்பது ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது.

ஊர் ஊராக

1940இல் மிச்சிகன் மாநிலம் இந்த ஊசியை விநியோகிக்க ஆரம்பித்தது. சில ஆண்டுகளில் நாடு முழுக்கக் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். தொண்டை அடைப்பான், டெட்டனஸ் மருந்துகளோடு சேர்த்து ஒரே ஊசியாக்கும் வேலையையும் கெண்ட்ரிக் குழு செய்தது. நம்ம அம்மா அப்பா 'முத்தடுப்பு ஊசி'ன்னு சொல்வாங்களே, அதுதான். லோனி கிளின்டன் கார்டன் என்கிற கறுப்பின வேதியியலாளர் 1940களில் குழுவில் சேர்ந்தார். வீரியமான கிருமி வகையைக் கண்டுபிடிக்கத் தட்டு தட்டாகச் சோதித்தவர் அவர். ஒவ்வொரு முறை தயாராகும் மருந்தும் சரியான பலத்தில் இருக்கிறதா என்று எலிகளில் பார்க்கும் சோதனையையும் இந்தக் குழு உருவாக்கியது. அது கெண்ட்ரிக் சோதனை என்றே அழைக்கப்படுகிறது.

அமெரிக்காவில் 1934இல் இரண்டரை லட்சத்துக்கு மேல் பதிவான கக்குவான் 1976இல் 1,010 ஆகக் குறைந்தது.

கெண்ட்ரிக் 1980இல் இறந்தார், எல்டரிங் 1988இல். இருவரும் விளம்பரத்தை விரும்பவில்லை, இந்த ஊசியால் பணக்காரர்களும் ஆகவில்லை.

ஒப்பிடாமல் வந்த பயம்

நோய் குறைந்ததும் ஊசியின் ஜுரம் மட்டும்தான் கண்ணில் பட ஆரம்பித்தது.

1974இல் லண்டனின் ஒரு பெரிய குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. 11 ஆண்டுகளில், முத்தடுப்பு ஊசிக்குப் பிறகு வலிப்பு போன்ற நரம்புப் பிரச்சினை வந்ததாக 36 குழந்தைகளைப் பட்டியலிட்டது. ஒப்பீட்டுக் குழு கிடையாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் வயதில் மூன்று முறை ஊசி போடுகிறார்கள். சில வகை வலிப்பு நோய்கள் தலைகாட்டுவதும் அதே வயதில்தான். அப்படியிருக்க, ஊசிக்கு 'அடுத்து' வந்தது ஊசி'யால்' வந்ததா என்று அந்த 36 பேரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் எடுத்துக்கொண்டன. பிரிட்டனில் சுமார் 80 சதவீதமாக இருந்த தடுப்பூசி விகிதம் சில ஆண்டுகளில் 30 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. கக்குவான் திரும்பி வந்தது, இரண்டு பெரிய அலைகளாக.

ஜப்பானில் இன்னும் மோசம். 1974இல் அங்கே பதிவானது 393 பேர், ஒரு சாவுகூட இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஊசிக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் இறந்தன, ஊசி நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கியபோது போட்டுக்கொள்ள ஆள் இல்லை. 1979இல் 13,000 பேருக்கு மேல் கக்குவான், 41 சாவு.

அந்தப் பெற்றோரை முட்டாள்கள்ன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நடுராத்திரி போன்ல அந்த அழுகையை நானும் கேட்டேனே. முழுக் கிருமியை வைத்துச் செய்த ஊசி ஜுரம் தரும், மணிக்கணக்கில் அழ வைக்கும், அபூர்வமாக ஜுர வலிப்பும் வரலாம். அது உண்மை. மூளை நிரந்தரமாகக் கெட்டுப்போகுமா என்பதுதான் கேள்வி. 1988இல் லண்டன் நீதிமன்றம் எல்லா ஆதாரங்களையும் அலசி, அது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. 2006இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் சாமுவேல் பெர்கோவிச் குழு, ஊசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரின் மரபணுவைப் பார்த்தது. 11 பேரிடம் கடுமையான ஒரு வகை வலிப்பு நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் இருந்தது.

ஜப்பானில் யூஜி சாட்டோ என்பவர் முழுக் கிருமிக்குப் பதிலாகச் சில புரதங்களை மட்டும் எடுத்து ஊசி செய்தார். 1981இல் அங்கே புழக்கத்துக்கு வந்தது. ஜுரம் குறைவு. பணக்கார நாடுகள் பலவும் அதற்கு மாறின. நம்ம ஊர் தனியார் க்ளினிக்ல அதிக விலைக்குப் போடற 'வலி இல்லாத ஊசி' இந்தக் குடும்பம்தான். ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் குறைகிறது. 2012இல் அமெரிக்காவில் மறுபடியும் 48,277 பேருக்குக் கக்குவான்.

நம் அரசு போடும் பென்டாவேலன்ட்டில் இருப்பது முழுக் கிருமி வகை, கெண்ட்ரிக்கும் எல்டரிங்கும் செய்ததன் வாரிசு. நம்ம குன்னூர்ல இருக்கிற பாஸ்டர் நிறுவனம் முத்தடுப்பு ஊசி தயாரிப்பதும் அதே வழியில்தான்.

75 நாள் ஊசி

அக்காவுக்குப் போன் பண்ணி இதை எல்லாம் சொன்னேன். பாதியில "சுருக்கமா சொல்லுடா"ன்னா.

"அக்கா, வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்னு கேட்ட இல்ல? ரெண்டு பொம்பளைங்க வீடு வீடா போய், ஊசி போட்ட புள்ளைங்களையும் எண்ணுனாங்க, போடாத புள்ளைங்களையும் எண்ணுனாங்க. நம்பாத ஒருத்தரைக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டி, திருத்தி, மறுபடியும் எண்ணுனாங்க. அதனாலதான் தெரியும்."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "ஜுரம்?" என்றாள்.

"ஜுரம் வரும்க்கா. சொட்டு மருந்து வாங்கி வை. ஆனா விடாம அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, பால் குடிக்கலைன்னாலோ உடனே டாக்டர் கிட்ட தூக்கிட்டுப் போயிடு. அன்னைக்கு நான் பேசாம இருந்த மாதிரி இருக்க மாட்டேன்."

மாமியார் கிட்ட அக்கா என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. அந்த அம்மா வாய் திறக்கலையாம். ஆனா 75 நாள் ஊசிக்குப் பாப்பாவைத் துணியில சுத்தி மடியில வெச்சுக்கிட்டு ஆட்டோவுல முதல் ஆளா உட்கார்ந்தது அவங்கதானாம். போற வழியில அக்காகிட்ட ஒரு விஷயம் சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு ஒரு தம்பி இருந்தாராம். ரெண்டு வயசுல, மாசக்கணக்கா இருமி இருமியே போயிட்டாராம். அது என்ன நோய்ன்னு அந்த வீட்டுல யாருக்கும் தெரியாது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா, அவங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்ன்னு இன்னைக்குக் கேட்டுப் பாருங்க. உயிரோட வளர்ந்தவங்களை மட்டும் சொல்லுவாங்க. "மொத்தம் எத்தனை பேர்?"ன்னு இன்னொரு தடவை கேளுங்க.